கறுப்பர் குரலும் திருச்சபையின் செவியும்
(பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய வழிபாட்டுப் பாடல்களைக் குறித்த ஒரு திறனாய்வு)

இன வேற்றுமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமது எண்ணம் நிறத்தின்மேல் செல்கிறது. கண் கண்டதைக் கொண்டே மனிதன் மனிதனைப் பிரித்தான் என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். ஐரோப்பிய இலக்கியத்தின் 16, 17ஆம் நூற்றாண்டுகளை ஆராய்ந்தோரும் நெடுங்காலம் இவ்வழியே சென்றனர். ஆங்கிலக் கவிதையில் வெண்மை, கருமை என்னும் உருவகங்கள் அடிமை வாணிகத்தோடும் கடல் கடந்த வேட்கையோடும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதைக் கிம் ஹால் 1995-இல் வெளியிட்ட நூல் நிலைநாட்டிற்று. அது கண்ணைப் பற்றிய நூல். ஆனால் இனம் என்பது காதாலும் ஆக்கப்பட்டது என்னும் கருத்து அதன் பின்னர் வலுப்பெற்று வந்திருக்கிறது. 1999-இல் புரூஸ் ஸ்மித், அக்கால இங்கிலாந்தின் ஒலியுலகையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். 2009-இல் இயன் ஸ்மித், 'காட்டுமிராண்டி' என்னும் பட்டம் பேச்சுப் பிழையோடு தொடர்புபடுத்தப்பட்டே கறுப்பர்மேல் சுமத்தப்பட்டதென வாதித்தார். 2016-இல் ஜெனிபர் ஸ்டோவர், அமெரிக்க வரலாற்றை முன்வைத்து, ஆளும் இனத்தின் செவி ஒருவிதப் பயிற்சி பெற்ற செவி என்றும், அது தன் விருப்பப்படி ஒலிகளுக்கிடையே கோடு கிழிக்கிறதென்றும் காட்டினார்.

திருமறையைக் கற்றோருக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. யோர்தான் துறையில் எப்பிராயீமர் 42,000 பேர் மடிந்தது எதனால்? நிறத்தினாலன்று, ஆடையினாலன்று, ஒரு மெய்யெழுத்தை அவர்கள் நா வேறுவிதமாக ஒலித்ததனால் (நியாயாதிபதிகள் 12). நம் தமிழ்த் திருமறையில் அப்பகுதி விளங்குவதற்கு 'ஷ' என்னும் கிரந்த எழுத்தின் துணை வேண்டியிருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவன் முகமன்று, அவனுடைய கலிலேயப் பேச்சு. பவுலடிகள் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்திலும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்திலும் வரும் 'பார்பரோஸ்' என்னும் கிரேக்கச் சொல் முழுக்க முழுக்கச் செவியிலிருந்து பிறந்த சொல். கிரேக்கனுக்கு விளங்காத மொழி 'பர், பர்' என்று கேட்டதாம். அவ்வொலியே மனிதனுக்குப் பெயராயிற்று. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அதனை 'அந்நியர்' என்று பெயர்த்திருக்கிறது. பொருள் சரியே. ஆயினும் அச்சொல்லுக்குள் கேட்ட நகைப்பொலி தமிழில் அடங்கிப்போயிற்று. கொரிந்தியர் நிருபத்தில் பவுல் பேசுவதோ ஒலியைப் பற்றியே என்பதை அங்குள்ள சூழல் தெளிவாக்குகிறது.

ஆகவே இத்துறையில் பட்டமேற்படிப்புக்கென்று இறங்கும் இளம் ஆராய்ச்சியாளரின் பணியை நம் மாணவர் கவனிப்பது நலம். அவர் எடுத்துக்கொள்ளும் பொருள் விசித்திரமானது. ஒலி காற்றோடு போயிற்று. காகிதம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அக்காகிதத்திலும் பேசுகிறவனின் குரல் இல்லை. அவன் இவ்வாறு பேசுகிறான் என்று மற்றொருவன் கேட்ட விதமே இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ, ஆட்சிமன்றத்தின் முன் தன் பேச்சு கரடுமுரடானது என்று சொல்லிவிட்டு, அந்நாடகத்திலேயே மிக அழகான உரையை ஆற்றுகிறான் என்பது நாமறிந்தது. ஆங்கில இலக்கியத்தில் இப்பொருள் இவ்வாறு நுண்மையாக வருகிறது. ஸ்பானிய இலக்கியத்திலோ அது வெளிப்படையாக, கூச்சமின்றி வருகிறது. அதிலும் திருச்சபையின் பீடத்திற்கு முன்பாகவே வருகிறது. எனவே நாம் இங்கே ஸ்பானிய நாட்டையும் அதன் ஆட்சிக்குட்பட்டிருந்த மெக்சிக்கோவையும் எடுத்துக்கொள்கிறோம்.

செவில் நகரில் 1565-இல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கின்படி 85,538 பேரில் 6,327 பேர் அடிமைகள். இவர்களில் கறுப்பினத்தார் ஏராளம். அந்நகரிலே வாழ்ந்த நாடகாசிரியர் லோப்பே தெ ருவேதா, தம் நாடகங்களில் கறுப்பினப் பெண்களைப் பாத்திரங்களாக்கினார். 'யூபேமியா' என்னும் நாடகத்தில் வரும் யுலால்யா அவர்களில் ஒருத்தி. ருவேதாவே அத்தகைய வேடங்களைத் தரித்து நடித்ததைச் சிறுவயதில் கண்டதாகச் செர்வாந்தெஸ் 1615-இல் வெளியிட்ட தம் நாடகத் தொகுதியின் முன்னுரையில் நினைவுகூருகிறார். வெள்ளை ஆண், கறுப்புப் பெண்ணாகப் பேசினான், கூடியிருந்தோர் சிரித்தனர். இப்பேச்சு வழக்கிற்கு 'ஆப்லா தெ நேக்ரோஸ்', அதாவது கறுப்பர் பேச்சு, என்று பெயர். ரகரம் லகரமாகும், சொல்லின் இறுதி மெய் மறையும், ஆண்பால் பெண்பால் விகுதிகள் மயங்கும், இடையிடையே பொருளற்ற தாள ஒலிகள் வரும். 'நேக்ரோ' என்பது 'நேக்லோ' ஆகும்.

இவற்றில் உண்மையான ஆப்பிரிக்கர் பேச்சின் சாயல் இல்லாமலில்லை. புதிய மொழியொன்றை அடிமைக்களத்தில் கற்றவர் நாவில் ஒலிகள் மாறுவது இயல்பே. மொழிநூலார் இதனைப் பொறுமையாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் கவிஞர் கெவேதோ 17ஆம் நூற்றாண்டில் கேலியாக எழுதிய ஒரு குறிப்பு உள்ளதை உள்ளபடி உடைத்துச் சொல்லிவிடுகிறது. நாடகம் எழுதுவோர் கறுப்பர் மொழியைக் கற்க வேண்டுமா? ரகரத்தை லகரமாகவும் லகரத்தை ரகரமாகவும் மாற்றிவிட்டாற் போதும் என்கிறார் அவர். சமையற் குறிப்பைப் போன்ற இவ்வழியைக் கைக்கொள்ளக் கறுப்பர் ஒருவரையும் சந்திக்க வேண்டியதில்லை. ஒருவர் பேச்சையும் செவிமடுக்க வேண்டியதில்லை.

நாடகக் கொட்டகையோடு இது நின்றிருந்தால் நாம் இங்கே எழுத வேண்டிய அவசியம் நேர்ந்திராது. கிறிஸ்து பிறப்புத் திருநாள், மரியன்னை விழாக்கள், புனிதர் திருநாட்கள் ஆகியவற்றில் 'மாட்டின்ஸ்' என்னும் இரவு வழிபாட்டின் நடுவே மக்கள் மொழியில் 'வில்லான்சிக்கோ' எனப்படும் பாடல்கள் பாடப்பட்டன. அவற்றுள் ஒரு வகை 'நெக்ரில்யா'. கறுப்பர் சிலர் கூட்டமாக முன்னணையை நோக்கி வருவர், தம் கொச்சை மொழியில் குழந்தை இயேசுவை வாழ்த்துவர், ஆடுவர். பியூப்லா பேராலயத்தின் இசைத் தலைவராக 1664 வரை பணியாற்றிய ஹுவான் குத்தியேர்ரெஸ் தெ பாதில்யா, 1653ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அமைத்த இத்தகைய பாடல் இன்றும் பழைய இசையைப் பாடும் குழுக்களால் உலகெங்கும் பாடப்படுகிறது. இசை இனிது, துள்ளல் மிக்கது. கேட்டவர் கால் தாளமிடாமலிராது. அந்த இனிமையே திறனாய்வாளருக்கு இடர் விளைப்பது.

இப்பாடல்களையும் நாடகங்களையும் குறித்து இன்று இரு கருத்துகள் எதிரெதிரே நிற்கின்றன. நிக்கலஸ் ஜோன்ஸ் 2019-இல் வெளியிட்ட நூலில், இவற்றை வெறும் இனக்கேலி என்று தள்ளிவிடுவது கறுப்பரை மீண்டும் ஒருமுறை ஊமையாக்குவதாகும் என்கிறார். இப்பேச்சினூடே ஆப்பிரிக்கப் பண்பாட்டின் உயிர்ப்பும், ஆண்டானை எதிர்த்துரைக்கும் துணிவும், குறிப்பாகக் கறுப்பினப் பெண்களின் தன்மதிப்பும் ஒலிக்கின்றன என்பது அவர் துணிபு. நொயெமி ந்தியாயே 2022-இல் வெளியிட்ட நூலோ, முகத்தில் கரி பூசுவதும், பேச்சைச் சிதைப்பதும், நடனமும் ஆகிய மூன்றும் ஸ்பெயின், பிரான்சு, இங்கிலாந்து மேடைகளில் கறுப்பருக்கு ஒரு தாழ்ந்த இடத்தை எழுதிவைத்த கருவிகளே என்று வாதிக்கிறது. நாம் இவ்விரண்டில் பின்னதன் பக்கமே சாய்கிறோம். ஜோன்ஸ் காட்டும் துணிவு நூலின் பக்கங்களில் இருக்கிறது. ஆனால் அதை எழுதியவரும் பெரும்பாலும் நடித்தவரும் வெள்ளையர். ஒருவன் மற்றவனுக்காக எழுதிய வீரவசனத்தை அவ்வொருவனின் வீரமென்று கொள்வதில் தயக்கம் வேண்டும். எனினும் ஜோன்ஸ் நம்மை ஒரு பாடலின் முன் நிறுத்தி, மறுபடி கேள் என்று சொன்னால், அதற்குச் செவி கொடாமலிருக்க முடியாது. அந்தப் பாடலுக்கே இப்போது வருகிறோம்.

மெக்சிக்கோ நகரின் ஹெரோனிமைட் கன்னிமடத்தில் வாழ்ந்த சோர் ஹுவானா இனேஸ் தெ லா க்ரூஸ் (இறப்பு 1695), அந்நூற்றாண்டின் ஸ்பானியக் கவிஞருள் முதல் வரிசையிலிருப்பவர். அவர் 1677-இல் புனித பேதுரு நொலாஸ்கோவின் திருநாளுக்கென வில்லான்சிக்கோத் தொடர் ஒன்று எழுதினார். நொலாஸ்கோ, 13ஆம் நூற்றாண்டில் மெர்சதாரியன் சபையை நிறுவியவர். இசுலாமியர் கையில் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதும், பணம் போதாவிடில் தாமே பிணையாய் நிற்பதும் அச்சபைத் துறவியரின் நேர்ச்சை. மீட்பு என்பதே அவர்களுடைய பெயரும் பெருமையும்.

அத்தொடரின் இறுதியில் ஒரு கறுப்பர் தேவாலயத்துள் நுழைகிறார். அதன் பெருமையைக் கண்டு வியந்து, சுரைக்குடுக்கையின் தாளத்திற்கேற்பப் பாடுகிறார். நொலாஸ்கோ இருக்குமிடத்தில் அடிமை எவரும் இராதிருக்கட்டும் என்பது பல்லவியின் கருத்து. பறையொலி போன்ற அசைகள் அதனைச் சூழ்ந்து வருகின்றன. பின்பு அவர் சொல்வது இது: மெர்சதாரியன் தந்தையர் இன்று விழா எடுக்கிறார்கள், தாங்கள் மீட்கிறவர்கள் என்கிறார்கள், எனக்கோ அது மாயம்போல் இருக்கிறது, ஏனெனில் நான் நெசவுப் பட்டறையில் அடைபட்டுக் கிடக்கிறேன், தந்தையர் என்னை வெளியே எடுக்கவில்லை. இரவு தூங்காமல் எண்ணிப் பார்த்தேன். அவர்களுக்குக் கறுத்தவர்கள் வேண்டாம் போலும். ஸ்பானியரை மட்டுமே மீட்கிறார்கள். கறுப்பரானாலும் நாங்களும் மனிதரே, எங்களைக் குதிரை என்று அவர்கள் சொன்னபோதிலும்.

அன்பான வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். இது பேராலயத்தில், திருநாள் வழிபாட்டில், அச்சபையின் நிறுவனரைப் புகழ்வதற்காகப் பாடப்பட்டது. ஒரு தீர்க்கதரிசி மதிலுக்கு வெளியே நின்று கூறியதன்று. மீட்பு என்ற சொல்லை எவ்வளவு தூரம் நீட்டுவீர்கள் என்ற கேள்வி மீட்பரின் பீடத்தண்டை கேட்கப்பட்டது. ஆமோசின் ஐந்தாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நம்மில் எத்தனை பேர் இவ்வளவு நேராகக் கேட்டிருக்கிறோம்?

ஆயினும் பாடல் அங்கே முடியவில்லை. உடனே அவர் திடுக்கிட்டு, நான் என்ன சொல்லுகிறேன், பிசாசு என்னை ஏமாற்றுகிறது, பரிசுத்தமான மீட்பரைக் குறித்து முறுமுறுத்தேனே என்று மனம் வருந்துகிறார். புனிதர் தம்மை மன்னிக்க வேண்டுகிறார். கடைசியாக அவர் வாயில் வைக்கப்படும் முடிவு: சரீரம் பாடுபட்டாலும் ஆத்துமா விடுதலையாகிறது.

திறனாய்வாளர் பெரும்பாலும் இவ்விடத்தில் இரு கூறாகப் பிரிந்துவிடுகின்றனர். சிலர் முறையீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கன்னிகை அடிமைகளுக்காக வாதாடினார் என்று மகிழ்கின்றனர். சிலர் கடைசி அடியை மட்டும் எடுத்துக்கொண்டு, திருச்சபை வழக்கம்போல் எதிர்ப்பை விழுங்கிவிட்டது என்கின்றனர். இரு சாராரும் பாடலைப் படிக்கின்றனரேயன்றிக் கேட்கவில்லை என்பது நம் கருத்து. கேட்டால் ஒன்று புலப்படும். முறையீடும் அதே சிதைந்த ஒலியில் வருகிறது. மனவருத்தமும் அதே சிதைந்த ஒலியில் வருகிறது. ரகரம் லகரமாவது எந்த இடத்திலும் நிற்பதில்லை. முறையீட்டைக் கேட்டுச் சிரித்துக் கடந்துவிட்டோம், அது கறுப்பன் உளறல் என்று தள்ளிவிட்டோம் என்றால், சரீரம் வருந்தினாலும் ஆத்துமா விடுதலையாகும் என்னும் போதனையும் அந்த உளறல் மொழியிலேதான் நம்மிடம் வருகிறது. அதனை மட்டும் எப்படிச் சிரிக்காமல் ஏற்பது? அது அக்காலத்துப் பிரசங்கபீடங்களில் செவ்விய நடையில் கூறப்பட்டுவந்த போதனை. அடிமை வாணிகத்திற்குத் திருச்சபை கொடுத்துவந்த சமாதானத்தின் மையமே அது. அந்தப் போதனை, யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவனுடைய நாவின் வழியே, கோணலாக ஒலிக்கிறது. சோர் ஹுவானா இதனை எண்ணியே செய்தாரா என்று வினவுவதைக் காட்டிலும், ஒலி இதனைச் செய்துவிட்டது என்று சொல்வதே தக்கது.

இப்பாடல் வகை எல்லாரையும் சமமாகக் கேலி செய்தது, கறுப்பரை மட்டுமன்று என்றொரு தடை எழுப்பப்படுவதுண்டு. பாஸ்க்கியர், போர்த்துக்கீசியர், கலீசியர் எல்லாரும் வில்லான்சிக்கோவில் நகைப்புக்குள்ளாயினர் என்பது மெய்யே. நாம் பார்த்த அதே 1677ஆம் ஆண்டுப் பாடலில், கறுப்பருக்கு அடுத்தாற்போல் ஒரு மாணவன் வருகிறான். ஸ்பானிய மொழியில் பேசுவதைவிட ஊமையாயிருப்பதே மேல் என்று எண்ணி லத்தீனில் பேசுகிறான். கேட்பவன் தப்பும் தவறுமாக விளங்கிக்கொள்கிறான். (இறையியல் கல்லூரிகளில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று ஊர்ச் சபைக்குத் திரும்பும் நம் இளைஞர் சிலரை இங்கே நினையாமலிருக்க முடியவில்லை.) அதன்பின் ஓர் இந்தியர், நவாத்துல் மொழியும் ஸ்பானியமும் கலந்து பாடுகிறார். ஆனால் சமம் என்ற சொல் இங்குப் பொருந்தாது. லத்தீன் மாணவன் வழிபாடு முடிந்து வீட்டுக்குப் போனான். கறுப்பர் பட்டறைக்குத் திரும்பினார். லத்தீனைப் பேசியதற்காக எவரும் சந்தையில் விற்கப்படவில்லை.

சோர் ஹுவானாவைக் குறித்தும் ஒரு சொல். 1669-இல் அவர் துறவு வார்த்தைப்பாடு கொடுத்தபோது அவருடைய தாய் ஓர் அடிமைப் பெண்ணை அவருக்கு அளித்தார். ஹுவானா தெ சான் ஹோசே என்பது அவள் பெயர். கவிஞருக்கும் அவளுக்கும் ஒரே பெயர். பிற்காலத்தில் கவிஞர் அவளைத் தம் சகோதரிக்கு விற்றார். பாடல் எழுதப்பட்ட ஆண்டில் அப்பெண் அவர் உடைமையே. பட்டறையில் அடைபட்டவன் குரலை அவ்வளவு கூர்மையாக எழுதிய கை, விற்பனைப் பத்திரத்திலும் கையெழுத்திடத் தயங்கவில்லை. இதைக் கொண்டு பாடலைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பாடலுக்குள் கேட்கும் குரலை அடிமையின் குரல் என்று அழைப்பதற்கு முன், அதே மடத்தின் அறையில் மற்றொரு ஹுவானா நடமாடிக்கொண்டிருந்தாள் என்பதை மறவாதிருக்க வேண்டும்.

அக்காலத்துக் கறுப்பர் உண்மையில் எவ்வாறு ஒலித்தனர்? மேடையும் பாடலும் சொல்வது ஒன்று. ஆவணங்கள் சொல்வது மற்றொன்று. கிரனாடாவில் லத்தீன் ஆசிரியராயிருந்த ஹுவான் லத்தீனோ, அடிமைக் குலத்தில் தோன்றிய கறுப்பர். 1573-இல் வெளிவந்த அவருடைய லத்தீன் காவியம் லெப்பாந்தோ கடற்போரைப் பாடுகிறது. மெக்சிக்கோ பேராலயத்தின் பாடகர் குழுவிலேயே லூயிஸ் பர்ரேத்தோ என்னும் கலப்பின அடிமை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற உயர்குரல் பாடகராயிருந்து பின் விடுதலை பெற்றார். பேராலயத்தில் கறுப்பர் குரலென்று கொச்சை ஒலி பாடப்பட்ட அந்நூற்றாண்டிலேயே, உண்மையான ஆப்பிரிக்க வழித்தோன்றல் ஒருவர் அங்கே பிழையற்ற லத்தீனில் ஆண்டவரைத் துதித்துக்கொண்டிருந்தார்!

இவற்றைவிட முக்கியமான சான்று கார்த்தகேனா துறைமுகத்திலிருக்கிறது. அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குரு அலோன்சோ தெ சந்தோவல், 1627-இல் செவிலில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேறுமுன் கூட்டங்கூட்டமாகத் தண்ணீர் தெளிக்கப்பட்டவர்கள், தங்களுக்கு நடந்தது இன்னதென்று அறிந்தார்களா? அறியாதிருந்தால் அது ஞானஸ்நானமாகுமா? இக்கேள்விக்கு விடை காண அவர் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தனர். ரோமர் 10-இல் விசுவாசம் கேள்வியினால் வருமென்று பவுல் சொல்வதை நாம் எப்போதும் அடிமைகள் கேட்பதாகவே பொருள்கொள்கிறோம். சந்தோவலுக்கோ முதலில் கேட்க வேண்டியவர் குருவானவரே. அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற பேதுரு கிளேவரும் இவ்வாறே செய்தார். அம்மொழிபெயர்ப்பாளர்களும் அடிமைகளே, இயேசு சபைக் கல்லூரியின் உடைமை. இந்த முரணைச் சந்தோவலின் நூல் தீர்த்துவைக்கவில்லை. அவர்களில் ஒருவருக்குக் 'கலெப்பீனோ' என்று பெயர் வழங்கிற்று. பல மொழிகளைத் தொகுத்த புகழ்பெற்ற அகராதியின் பெயர் அது. பத்துக்கு மேற்பட்ட மொழிகள் அவர் நாவிலிருந்தமையால் அவ்வாறு அழைக்கப்பட்டார். மேடையிலே ஒரு மொழியையும் சரிவரப் பேசமாட்டாதவர் என்று சித்திரிக்கப்பட்ட இனத்தவர் ஒருவருக்கு, துறைமுகத்திலே அகராதி என்று பட்டம்!

எனவே இப்பொருளில் ஆய்வு செய்வோர் பாடல் சுவடிகளோடு நின்றுவிடாமல் அத்துறைமுக ஆவணங்களையும் அருகே வைத்துப் படித்தல் வேண்டும். ஆண்ட்ரூ காஷ்னர் 2020-இல் வில்லான்சிக்கோக்களை இறையியல் நூல்களாகவே வாசித்துக் காட்டியது நற்பணி. ஆனால் செவியைப் பற்றிய இறையியல், யாருடைய செவி என்ற கேள்வியை இன்னும் அழுத்திக் கேட்கலாம். இன்று இப்பாடல்களைப் பாடும் குழுக்கள் கொச்சை ஒலியை அப்படியே பாடுவதா, திருத்திப் பாடுவதா, விட்டுவிடுவதா என்று வாதிடுகின்றன. திருத்திப் பாடினால் திருச்சபை செய்தது மறைந்துபோகும். அப்படியே பாடினால் சிரிப்பு மீண்டும் எழும். பாடுமுன் அதன் வரலாற்றைச் சபைக்கு எடுத்துரைத்து, முறையீட்டு அடிகளைத் தாளத்தைத் தணித்துப் பாடுவதே தகும் என நமக்குத் தோன்றுகிறது.

கிளேவர் 1654-இல் காலமானபின், அவருக்கு அருளாளர் பட்டம் வழங்குவதற்கான விசாரணையில் அம்மொழிபெயர்ப்பாளர்கள் சாட்சிகளாக அழைக்கப்பட்டனர். அங்கோலாவில் பிறந்த ஆந்திரேஸ் சக்கபூச்சே அவர்களில் ஒருவர். தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் ஆணையிட்டுச் சொன்னார். திருச்சபையின் அதிகாரிகள் அதனை எழுத்தில் வாங்கிக்கொண்டனர்.